கால் டிம் சுவிட்ச் சாரலுக்குத் தாங்குமா?

கேள்வி: ஐயா, பழைய மகிந்திரா சிஜே 3பி ஜீப் ஒன்றை உதிரியாக வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொண்டிருக்கிறேன். காலால் மிதிக்கும் டிம் சுவிட்ச் புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். மெக்கானிக்கோ, “அது மழைக்கு நிற்காது, ஸ்டீயரிங்கில் கை சுவிட்ச் போட்டுவிடலாம்” என்கிறார். சீசனில் குற்றாலத்திலும், இரவில் புளியரை வழியாகக் கேரளாவுக்கும் ஓட்டவேண்டிய வண்டி. என்ன செய்யலாம்? – வாசகர், இலஞ்சி.

பதில்: கால் சுவிட்சே போடுங்கள். மகிந்திராவின் வில்லிஸ் ஜீப்புகள் முதலில் உதிரிகளாகக் கப்பலில் வந்து பம்பாயில் பூட்டப்பட்டவைதான். அந்த வேலையைத்தான் இப்போது நீங்கள் இலஞ்சியில் செய்கிறீர்கள். ஆனால் மெக்கானிக்கின் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

கழற்றிப்போட்ட பழைய சுவிட்ச் கிடைத்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பல் நகரும் சக்கரம், பித்தளைத் தகடு. தகட்டில் பச்சை பூத்திருக்கும். பித்தான் வண்டிக்குள் இருந்தாலும் ஒயர் முனைகள் தரைத் தகட்டுக்கு அடியில்தானே நிற்கின்றன! சாரல் தண்ணீரும் சக்கரம் வாரியடிக்கும் சேறும் நேராக அங்கேதான் போகும். துருவேறிய சக்கரம் பாதியில் நின்றால் டிம்மும் இல்லை, பிரைட்டும் இல்லை. புளியரை எஸ் வளைவில் எதிரே லோடு லாரி வரும்போது முழு இருட்டு. நான் அஞ்சுவது இதற்குத்தான்.

ஆகவே ஹெட்லைட் கரண்ட்டைச் சுவிட்ச் வழியாக விடாதீர்கள். 60/55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு, பிரைட்டில் 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர் இழுக்கும். ஐந்து முனை ரிலே ஒன்று வாங்குங்கள். அதன் 30 என்ற எண்ணுள்ள முனைக்கு பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர், நடுவில் ஃபியூஸும், ஹெட்லைட் சுவிட்சால் இயங்கும் நான்கு முனை ரிலேயும் வரட்டும். 87ஏ-யில் டிம், 87-இல் பிரைட். 85-ஐ எர்த் செய்யுங்கள். ஹெட்லைட் சுவிட்சிலிருந்து கால் சுவிட்ச் வழியாக 86-க்கு வரும் ஒயரில் கால் ஆம்பியர்கூட ஓடாது. கால் சுவிட்சின் மூன்று முனைகளில் பொது முனையும் இன்னொன்றும் போதும். சுவிட்ச் செத்தாலும் ரிலே தானாக டிம்முக்குத் திரும்பிவிடும், இருட்டாகாது.

வெளிச்சமும் கூடும். பல்புக்குப் போகும் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பழைய ஜீப்புகள் மங்கலாக எரிய பல நேரம் இதுவே காரணம். வண்டி 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்; ரிலேயும் பல்பும் அதற்கேற்ப இருக்கவேண்டும்.

சுவிட்சின் இடம் கிளட்சுக்கு இடப்பக்கம். ஓட்டை போடுமுன் ஒரு மரத்துண்டை அங்கே வைத்து, வழக்கமாக ஓட்டும் செருப்போடு உட்கார்ந்து மிதித்துப் பாருங்கள். குதிகால் தரையில் ஊன்றியபடியே முன்பாதம் பித்தானைத் தொடவேண்டும். கிளட்சை அமுக்கும்போது செருப்பு அதில் உரசக்கூடாது. பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, டிரில் முனை கியர்பாக்ஸிலோ கிளட்ச் இணைப்பிலோ போய் இடிக்காதா என்று பாருங்கள். ஒயர் முனைகளில் கிரீஸ் தடவி ரப்பர் உறை மாட்டுங்கள். ஓட்டையின் விளிம்புக்கு துரு தடுப்பு பெயின்ட் கட்டாயம்.

ஒரே கால்தான் கிளட்சுக்கும் டிம்முக்கும். வளைவுக்குள் போய் கியர் மாற்றும்போது டிம் அடிக்க முடியாது. வளைவுக்கு முன்னாலேயே மிதித்துவிடப் பழகுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஹெட்லைட்டைப் போட்டு, பிரைட்டில் வைத்து, கால் சுவிட்ச் ஒயரைப் பிடுங்குங்கள். உடனே டிம் எரியவேண்டும். பிரைட்டே எரிந்தால் 87-ம் 87ஏ-யும் இடம் மாறியிருக்கின்றன.