இரத்தக் கொதிப்பு மாத்திரையும் கொரோனா நோயும்

இரத்தக் கொதிப்பு உள்ளவர்களைக் கொரோனா கடுமையாகத் தாக்கும் என்பது ஒரு செய்தி. கொதிப்புக்குச் சாப்பிடும் மாத்திரையே அந்தக் கிருமிக்கு வழி திறந்துவிடும் என்பது மற்றொரு செய்தி. 2020-ம் ஆண்டில் இவ்விரண்டும் நம் கடைத்தெருக்களில் ஒன்றாகவே உலவின. முதலாவதில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாவது, சோதித்துப் பார்க்கப்பட்டு ஆதாரமற்றதென்று தெரிந்துவிட்டது. ஆயினும் காய்ச்சல் கண்டவுடன் கொதிப்பு மாத்திரையை எடுத்து ஒதுக்கி வைக்கும் சகோதரர்களை நாம் இன்றும் பார்க்கிறோம். 2023 மே 5-ந் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசர நிலை நீங்கியதாக அறிவித்ததேயன்றி, கிருமி உலகை விட்டுப் போய்விடவில்லை. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விவரமாகப் பார்ப்பது நல்லது. நாம் வைத்தியம் படித்தவர்கள் அல்லர். கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது போலவே இதையும் புரட்டிப் பார்க்கிறோம்.

முதலில் சீனாவின் கணக்கு. 2020 பிப்ரவரியில் அந்நாட்டு வைத்தியர்கள் 1,099 கொரோனா நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டனர். நோய் கடுமையாகாதவர்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. கடுமையானவர்களில் நூற்றுக்குச் சுமார் 24 பேருக்கு இருந்தது. ஏறக்குறைய இரு மடங்கு. இதைக் கேட்டவர்கள் நடுங்கிப் போனார்கள்.

ஆனால் வியாபாரி ஒரு கேள்வி கேட்பான். கைத்தடி விற்கும் கடைக்காரர் ஒருவர், தம்மிடம் கைத்தடி வாங்கியவர்களில் எத்தனை பேர் காலமானார்கள் என்று எழுதி வைத்தால், மற்றவர்களை விட அதிகமாகத்தான் இருக்கும். அவர்களைக் கைத்தடியா கொன்றது? வயதானவர்கள்தாம் கைத்தடி வாங்குகிறார்கள். இரத்தக் கொதிப்பும் அப்படியே. வயது ஏற ஏற அது வருகிறது. சர்க்கரை வியாதியையும் உடற்பருமனையும் கூட்டிக்கொண்டு வருகிறது. எனவே எது யாருடைய பற்று என்று பிரித்து எழுதினாலன்றிக் கணக்கு நேராகாது.

அவ்வாறு பிரித்து எழுதிய பெரிய கணக்கு இங்கிலாந்தில் நடந்தது. 1 கோடியே 70 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து, 2020 ஜூலையில் முடிவை வெளியிட்டனர். ஐம்பதுகளில் உள்ளவர்களைக் காட்டிலும் எண்பதைத் தாண்டியவர்களுக்கு இந்நோயால் மரணம் நேரும் அபாயம் இருபது மடங்கு. வயது, பருமன், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு முதலியவற்றையெல்லாம் தனித்தனியே கழித்த பிறகு, இரத்தக் கொதிப்பின் பங்கென்று அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை.

அப்படியானால் கொதிப்புக்காரர்கள் கவலையற்று இருக்கலாமா என்றால், அதுவும் இல்லை. அதே கணக்கில் எழுபது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தனியே பார்த்தபோது, கொதிப்பு உள்ளவர்களிடம் மரணம் அதிகமாகவே காணப்பட்டது; வயது குறையக் குறைய அந்த வித்தியாசம் கூடியது. கடை நடத்தும் நம்மவர்கள் பெரும்பாலோர் அந்த வயதினர் என்பதை மறக்கலாகாது. கவனியாது விடப்பட்ட கொதிப்பு பல ஆண்டுகளில் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் அரித்து வைத்திருக்கும். கொரோனா வந்தால், மூச்சுக்கு மட்டுமன்றி இருதயத்துக்கும் பாரம் ஏறுகிறது. குழாய்களில் இரத்தம் உறைகிறது. இக்கணக்குகள் யாவும் தடுப்பூசி வருமுன் எடுக்கப்பட்டவை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி மாத்திரைக்கு வருவோம். நம் உடலில் இரத்தக் குழாய்களை இறுக்கும் ஒரு பொருள் உண்டாகிறது. ஆஞ்சியோடென்சின் என்பது அதன் பெயர். அதை உண்டாக்கும் நொதிக்கு ஏஸ் என்று பெயர். அதைச் சிதைத்துக் குழாயைத் தளரச் செய்யும் நொதி ஏஸ்-2. ஒருவர் குழாயைத் திருகி மூட, மற்றவர் திறந்துவிடுவது போல இவ்விரண்டும் வேலை செய்கின்றன. கொரோனா கிருமி நம் உயிரணுவுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி இந்த ஏஸ்-2 தான். கொதிப்பு மாத்திரைகளில் சில, ஏஸ்-2 வை அதிகமாக்குவதாகப் பிராணிகளிடம் செய்த சில சோதனைகளில் கண்டிருந்தார்கள். கைப்பிடி கூடினால் கள்வனுக்கு வசதிதானே என்று சிலர் எண்ணினர். எண்ணம் மோசமானதல்ல; ஆனால் அது எண்ணம் மட்டுமே. கடைகள் பாதி அடைந்து, நாம் வீட்டுக்குள் இருந்த அந்நாட்களில், கைத்தொலைபேசியில் வந்த செய்திகள் அதை முடிந்த தீர்ப்பாக்கிவிட்டன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள இருதய வைத்திய சங்கங்கள் 2020 மார்ச் மாதத்திலேயே, மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று அறிவித்தன. அந்த அறிவிப்பு நம் கடைத்தெருவுக்கு வந்து சேரவில்லை.

தீர்ப்பு பிரேசில் நாட்டிலிருந்து வந்தது. (இவ்வகை மாத்திரைகளின் பிறப்புக்கும் அந்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. அங்குள்ள விரியன் பாம்பொன்றின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்து பிறந்ததே காப்டோபிரில் என்னும் முதல் மாத்திரை. விஷத்திலும் மருந்து உண்டு!) கொரோனாவுடன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 659 பேரை, சீட்டுப் போட்டது போல இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் 30 நாட்கள் மாத்திரையை நிறுத்தினர், மற்றவர் தொடர்ந்தனர். அந்த முப்பது நாட்களில் உயிருடன் ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்த நாட்கள், நிறுத்தியவர்களுக்குச் சராசரி 21.9, தொடர்ந்தவர்களுக்கு 22.9. மரணம் இரு பக்கமும் நூற்றுக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவு. நிறுத்தியதால் ஒரு லாபமும் இல்லை. 2021 ஜனவரியில் இது வெளியாயிற்று. வேறு பல நாடுகளில் நடந்த இன்னொரு சோதனையும் இதையே சொல்லிற்று. இதற்கு நேர்மாறாக, இம்மாத்திரைகளே கொரோனாவுக்கு மருந்தாகுமோ என்று எண்ணி, அபாய நிலையில் கிடந்தவர்களுக்குப் புதிதாகக் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. அதுவும் பலிக்கவில்லை. கொதிப்பு மாத்திரை கொரோனாவுக்கு மருந்தல்ல.

உங்கள் மாத்திரை இவ்வகையைச் சேர்ந்ததா என்பதை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அறியலாம். பெரிண்டோபிரில், எனலாபிரில் என 'பிரில்' என்று முடிவதும், லோசார்ட்டன், வல்சார்ட்டன் என 'சார்ட்டன்' என்று முடிவதும் இவ்வகை. நம் பக்கத்தில் அதிகம் பேர் சாப்பிடும் அம்லோடிபின் இதில் சேராது. அதைப் பற்றி இந்தப் பயம் எழவே நியாயமில்லை. அதையும் கூட நிறுத்தினார்கள்!

நிறுத்த வேண்டிய சமயமும் உண்டு. வாந்தி பேதியால் உடம்பில் நீர் வற்றி, அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும்போது, டாக்டர் சில நாட்களுக்கு இம்மாத்திரையை நிறுத்தச் சொல்லக்கூடும். எப்போது மீண்டும் தொடங்குவது என்பதையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்தியது ஞாபகமிருக்கும், தொடங்க வேண்டியது மறந்துபோகும்.

இதைவிடப் பெரிய சங்கடம், கொதிப்பு இருப்பதே தெரியாமல் இருப்பது. மலேசியாவில் 2019-ல் எடுத்த சுகாதாரக் கணக்குப்படி பெரியவர்களில் பத்துப் பேரில் மூவருக்குக் கொதிப்பு. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது தெரியவில்லை. சிங்கப்பூரில் 2021-22 கணக்கில் நூற்றுக்கு 37 பேர். 140-க்கு 90 என்பது கோடு. மூட்டை இறக்கிவிட்டு, ஒரு கிளாஸ் காப்பியும் ஒரு சிகரெட்டும் முடித்துவிட்டு, நின்றபடியே அளந்தால் சரியான எண் வராது. அரைமணி நேரம் இவையின்றி, ஐந்து நிமிஷம் சாய்ந்து அமர்ந்து, கையை மார்பு மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். கடை அடைத்த பிறகு வீட்டில் செய்யக்கூடிய காரியமே.

இன்னொரு விஷயம். கொரோனா வந்ததும் கடையில் வாங்கிச் சாப்பிடும் சளி மருந்துகளில், மூக்கடைப்பைத் திறக்கும் சூடோஎபிட்ரின் அழுத்தத்தை ஏற்றும். இபுபுரோபென் போன்ற வலி மாத்திரைகளும் ஏற்றும். வயதானவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் பேக்ஸ்லோவிட் என்னும் கொரோனா மாத்திரையை, நோய் கண்ட ஐந்து நாட்களுக்குள் தொடங்கியாக வேண்டும். அது அம்லோடிபினின் வேகத்தைக் கூட்டிவிடும். கொழுப்புக்குச் சாப்பிடும் சிம்வாஸ்டாட்டினுடன் சேரவே கூடாது. ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது, நீங்கள் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் யாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஊரிலிருந்து ஆள் மூலம் வரவழைத்த மாத்திரைகளையும் விட்டுவிடாதீர்கள்.