நிற்கும் காரில் விரையும் எஞ்சின்

2023 அக்டோபரில் மும்பையிலிருந்து விடைபெற்ற பிரீமியர் பத்மினி டாக்சிகளில், நிற்கும்போது எஞ்சின் மிகையாகச் சுழன்றால் கார்புரேட்டர் திருகைத் திருப்பிக் குறைத்தனர். இன்றைய கார்களில் அப்பணியைக் கணினி செய்கிறது; ஆகவே காரணத்தைத் தேட வேண்டும்.

சூடேறிய பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலும் நிமிடத்திற்கு 700 முதல் 900 முறை சுழலும். ஏசியை அணைத்த பின்னும் 1,200ஐத் தாண்டினால் பின்வரும் வரிசையில் ஆராய்க:

1. தரைவிரிப்பு ஆக்சிலரேட்டரை அழுத்துகிறதா?
2. காற்றுக்குழாய் வெடித்துள்ளதா? அவ்வழியே புகும் காற்றும் வேகத்தைக் கூட்டும்.
3. கரி படிந்து த்ராட்டில் வால்வு முழுதும் மூடாதிருக்கிறதா? தூய்மை செய்விக்கவும்.

இவற்றுக்குப் பின்னரே சென்சாரைச் சோதித்து மாற்றுவது சிக்கனம். தானியங்கி கியர் கார்களில் தாமதம் ஆகாது: தாராவி நெரிசலில் பிரேக்கைத் தளர்த்தியதுமே வண்டி முன்பாயக்கூடும்.