சாமி பெயருக்கும் சொந்தக்காரர் உண்டா?

கேள்வி: பெங்களூரு ஜெயநகரில் தர்ஷினி உணவகம் ஒன்று தொடங்கப்போகிறேன். தெய்வத்தின் பெயரில் பிரைவேட் லிமிடெட் கம்பெனியும் பதிவாகிவிட்டது. அதே பெயரோடு ஓர் அடைமொழி சேர்த்து ஊரில் ஏற்கெனவே ஓர் ஓட்டல் நடக்கிறதாம். சாமி பெயர் எல்லோருக்கும் பொதுதானே? நந்தினி டீலக்ஸ் வழக்கில் ஓட்டல்காரர்தானே ஜெயித்தார்?

பதில்: ஜெயித்தது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பை நம்பி நீங்கள் பெயர்ப்பலகை எழுதக் கூடாது. கர்நாடகப் பால் கூட்டமைப்பு 1985 முதல் ‘நந்தினி’ என்ற பெயரைப் பயன்படுத்துகிறது. ‘நந்தினி டீலக்ஸ்’ உணவகம் 1989-இல் தொடங்கியது. உணவகம் பெயரைப் பதிவு செய்யப் போனபோது கூட்டமைப்பு எதிர்த்தது. 2007-இல் டிரேட்மார்க் அலுவலகம் உணவகத்தின் பக்கம் நின்றது. 2011-இல் மேல்முறையீட்டு வாரியம் அதை ரத்து செய்தது. 2014-இல் உயர் நீதிமன்றமும் கூட்டமைப்புக்கே சாதகமாகச் சொன்னது. 2018 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றத்தில் உணவகம் வென்றது. நந்தினி என்பது புராணப் பசுவின் பெயர் என்பது காரணங்களில் ஒன்று மட்டுமே. ஒருவர் விற்பது பால், மற்றவர் நடத்துவது உணவகம்; ஒருவர் சின்னத்தில் பசு, மற்றவர் சின்னத்தில் விளக்கு; உணவகம் தொடங்குமுன் கூட்டமைப்பு அந்தப் பெயரைப் பயன்படுத்தியது நான்கே ஆண்டுகள். இவ்வளவும் சேர்ந்துதான் வெற்றி கிடைத்தது. அப்போதும் பாலுக்கும் பால் பொருட்களுக்கும் அந்தப் பெயர் கிடையாது என்று வரம்பு கட்டினார்கள். உங்கள் விஷயத்தில் இரண்டுமே சாப்பாட்டுக் கடை. அந்த வெற்றியைத் தாங்கிய முதல் தூணே இங்கு இல்லை.

உங்களுக்கு நெருக்கமானது ‘சாய் ரினைசன்ஸ்’ வழக்கு. அதுவும் பெங்களூரு ஓட்டல்தான். ‘ரினைசன்ஸ்’ என்ற பெயரைப் பதிவு செய்திருந்த பன்னாட்டு ஓட்டல் நிறுவனம் வழக்குப் போட்டது. அது அகராதிச் சொல், எங்களிடம் தங்குவோர் சாய்பாபா பக்தர்கள், அந்த ஆடம்பர ஓட்டலுக்குப் போகிறவர்கள் வேறு என்று எதிர்த்தரப்பு வாதாடியது. 2019-இல் உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பதிவான பெயரையே அதே சேவைக்கு வைத்தால், வாடிக்கையாளர் குழம்புவார் என்று நீதிமன்றம் அனுமானித்தே ஆக வேண்டும் என்கிறது 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு. முன்னால் ‘சாய்’ சேர்த்தது கைகொடுக்கவில்லை.

கம்பெனிப் பதிவு கிடைத்துவிட்டதே என்பீர்கள். அது கம்பெனிக்குப் பெயர் சூட்டுவதோடு சரி. டிரேட்மார்க் உரிமை தராது. பதிவான டிரேட்மார்க்கின் உரிமையாளர் மூன்று ஆண்டுக்குள் முறையிட்டால், உங்கள் கம்பெனியின் பெயரையே மாற்றச் சொல்ல 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தில் வழியுண்டு. அந்த ஓட்டல்காரர் பெயரைப் பதிவே செய்யவில்லை என்றாலும் நிம்மதி கொள்ளாதீர்கள். முன்பிருந்தே பயன்படுத்தி நற்பெயர் ஈட்டியவர், தம் பெயரைச் சொல்லிப் பிறர் வியாபாரம் செய்வதைத் தடுக்க வழக்குப் போடலாம். நீங்கள் பிறகு பதிவு வாங்கினாலும் அது அவரைக் கட்டுப்படுத்தாது. நேர்மையாக உழைத்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இருப்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆகவே வேறு பெயர் தேடுங்கள். டிரேட்மார்க் அலுவலக இணையதளத்தில் எழுத்தை மட்டுமல்ல, ஒலியையும் வைத்துத் தேட முடியும், கட்டணமில்லை. உணவகங்களுக்கான 43-ஆம் வகுப்போடு 29, 30 வகுப்புகளையும் பாருங்கள். சட்னிப்பொடியும் காபித்தூளும் விற்கும் எண்ணம் வந்தால் உரசல் அங்கேதான் வரும். உணவு டெலிவரி செயலிகளிலும் கடைத்தெருவிலும் விசாரியுங்கள். கன்னடத்தில் எழுதினால் எந்தக் கடைப் பெயரைப் போலத் தோன்றுகிறது என்றும் பாருங்கள். பிறகு இணையவழி விண்ணப்பம். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். விண்ணப்பம் டிரேட்மார்க் அலுவலகப் பத்திரிகையில் வெளியான நாளிலிருந்து நான்கு மாதம் பிறர் ஆட்சேபிக்கலாம்.