சாரலும் பாவ்லாவும்: எக்செல்லில் பகடை உருட்டலாம்!

கேம் என்றால் மானிட்டரில் ஓடுவது மட்டுமல்ல. நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் ரோல் ப்ளேயிங் கேம்களும் உண்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-ல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இவற்றுக்கு முன்னோடி. இதற்கு 20 முகப் பகடை வேண்டும். நம் தாயக்கட்டைக்கு நாலு பக்கம்தான். கவலை வேண்டாம், உங்கள் எக்செல்லே உருட்டித் தரும்.

எனக்குச் சாப்ட்வேர் வேலை. சொந்த ஊர் குற்றாலம். சீசனுக்கு வரும் உறவுக்காரப் பிள்ளைகளோடு இதை ஆடுவேன். கதைக்களம் ஐந்தருவி. தகராறு வருவது இரண்டு இடங்களில்தான். "சாரல்ல கண்ணே தெரியாதே, எப்படி வெட்டினே?" என்பது ஒன்று. "நான் பாவ்லா காட்டினேன், அவன் ஏமாந்துட்டான்" என்பது இன்னொன்று. கதை நடத்துபவர் மனம்போனபடி தீர்ப்புச் சொன்னால் ஆட்டம் பாதியில் கலைந்துவிடும். எல்லோருக்கும் பொதுவான விதி இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்று விதிகள்

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு இதை எளிதாக்கியது.

1. உங்கள் நண்பன் போக்குக் காட்டி எதிரியின் கவனத்தைத் திருப்பினால், நீங்கள் இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கலாம்.

2. எதிரி உங்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டால், இரண்டு உருட்டிச் சிறிய எண்ணை எடுக்க வேண்டும்.

3. அடர்ந்த மூட்டத்தில் இருவருக்குமே கண் தெரியாவிட்டால்? உங்களுக்குத் தெரியாதது பாதகம். அவனால் பார்த்துத் தடுக்க முடியாதது சாதகம். இரண்டும் கழிந்துபோகும். ஒரே பகடைதான்.

செய்து பாருங்கள்

எக்செல்லில் புதிய ஷீட்டைத் திறந்து, கீழே உள்ளவற்றை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யுங்கள்.

ஏ1, பி1 இரண்டு செல்களிலும்: =ராண்ட்பிட்வீன்(1,20)
சி1-ல்: =மேக்ஸ்(ஏ1,பி1)
டி1-ல்: =மின்(ஏ1,பி1)

ஏ1 ஒரு பகடை. சி1 சாதகம், டி1 பாதகம். எப்9 கீயை அழுத்தினால் புதிய எண்கள் விழும். வேறு செல்லில் எதை டைப் செய்தாலும் எண்கள் மாறும்; பயப்படாதீர்கள். ஆடும்போது விழுந்த எண்ணை உடனே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி விதியைச் சோதிப்போம். இடப்பக்கம் மேலே உள்ள நேம் பாக்ஸில் ஏ1:டி1000 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். பிறகு கண்ட்ரோல் கீயுடன் டி கீயை அழுத்துங்கள். ஆயிரம் வரிசைகளும் நிரம்பிவிடும். எஃப்1-ல் =கவுண்ட்இஃப்(ஏ1:ஏ1000,">=11") என்று கொடுங்கள். எஃப்2, எஃப்3 செல்களில் ஏ-க்குப் பதில் முறையே சி, டி என மாற்றிக் கொடுங்கள்.

விடைகள் ஏறக்குறைய 500, 750, 250 என வரும். காரணம் எளிது. சாதகத்தில் அடி தவற இரண்டு பகடையும் 11-க்குக் கீழே விழ வேண்டும். அது பாதியில் பாதி, அதாவது கால் பங்கு. பாதகத்தில் இதுவே தலைகீழ்.

பாவ்லா பலித்ததா?

இதற்கு எங்கள் வீட்டு விதி ஒன்று உண்டு. காட்டுபவரும் எதிரியும் ஆளுக்கொரு பகடை உருட்ட வேண்டும். காட்டுபவர் எண் பெரிதானால் பலித்தது, சமமானால் பலிக்கவில்லை. மொத்தம் 400 சேர்க்கைகளில் 190 மட்டுமே அவருக்குச் சாதகம், அதாவது 47.5 சதவீதம். மூட்டத்துக்குள் கையை ஆட்டினால் செல்லாது, சத்தம் கொடுக்க வேண்டும். அருவிக்கு அருகே என்றால் இரைச்சலில் சத்தமும் எடுபடாது. கல்லெறிந்தால்தான் உண்டு!

உங்களுக்கு ஒரு பயிற்சி: 11-க்குப் பதில் 15 கொடுத்துப் பாருங்கள். 300, 510, 90-ஐ ஒட்டி வந்தால் உங்கள் ஷீட் சரி. அடுத்த தகராறுக்கு அதுவே நடுவர்.