மலைப்பாதைக் காருக்கு எந்த சைலன்சர்?

கேள்வி: போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு அடிக்கடி ஏறும் ஐ20 என் லைன் காருக்கு வேறு சைலன்சர் பொருத்தினால் இழுவை கூடுமா?

பதில்: இக்காரின் 1 லிட்டர் டர்போ எஞ்சின், அதாவது வெளியேறும் புகையின் விசையால் சுழலும் விசிறியைக் கொண்டு காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் எஞ்சின், நிமிடத்துக்கு 1500 சுழற்சியிலேயே 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை எட்டிவிடுவதால், கொண்டை ஊசி வளைவுகளுக்கு வேண்டிய இழுவை அதில் முன்பே இருக்கிறது. புகையோட்டத்தைப் பெரிதும் தடுப்பவை டர்போவும், நச்சுவாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருமே ஆதலால், அவற்றுக்குப் பின்னுள்ள குழாயை மட்டும் மாற்றினால் ஓசைதான் கூடும். கன்வெர்ட்டரையே கழற்றுவது, அக்காற்றைச் சுவாசிக்கும் மலைக் கிராமத்தாருக்கு இழைக்கும் அநீதி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் வடிவமைப்பை மீறும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஒலி மற்றும் காற்று மாசு விதிகளை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால், அதே அளவுள்ள நிறுவன உதிரிபாகமே தக்கது; பொருத்தியபின் சில நாள் கழித்து இணைப்புகளில் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது.