குடித்து வண்டி ஓட்டியவர் மீதுள்ள பதிவு

 

மது ஹராம் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களின் விளக்கத்தை எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். இந்த வாரம் வேறொன்றைப் பேசுவோம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர் மீது ஒரு பதிவு விழுகிறதே, அது அவரை எங்கெல்லாம் பின்தொடர்கிறது? அவர் தவ்பா செய்தால் அதில் எது நீங்கும், எது நீங்காது?

பிடிபட்டால் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நம் இளைஞர்கள் பலர் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். பைக்குக்கும் இதே சட்டம்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 15,000 ரூபாய், சிறை இரண்டு ஆண்டு வரை. லைசென்ஸும் பறிபோகலாம். டிரைவர் வேலையை நம்பி இருக்கிற குடும்பத்துக்கு அபராதத்தை விட இதுதான் பெரிய அடி.

பணத்தோடு முடிவதும் இல்லை. நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணையில் சிக்கல் வரும். வெளிநாட்டு வேலைக்குப் போலீஸ் சான்று கேட்டால் அங்கேயும் கேள்வி எழும். காவலர் தேர்வுக்கு விண்ணப்பிப்பவர் வழக்கை மறைத்து எழுதினால், மறைத்ததே தனிக் குற்றமாகி வேலை கைவிட்டுப் போகும். போதையில் ஓட்டி வண்டி சேதமானால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் அந்தச் சேதத்துக்குப் பணம் தராது. உயிரே போய்விட்டால் சாதாரண விபத்து வழக்காக முடியாமல், கொலையாகாத மரணம் விளைவித்த வழக்காக மாறவும் கூடும்.

இது அரசாங்கத்தின் பதிவு. அல்லாஹ்விடம் உள்ள பதிவு வேறு. உண்மையாகத் தவ்பா செய்தவரின் பாவத்தை அல்லாஹ் மன்னிக்கிறான், இதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தவ்பாவின் நிபந்தனைகளைச் சொல்லும்போது, பாவத்தை விடுவது, வருந்துவது, இனி செய்வதில்லை என்று உறுதி எடுப்பது ஆகிய மூன்றோடு, மனிதர்களின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதை உரியவரிடம் ஒப்படைப்பதையும் நான்காவதாகச் சேர்க்கிறார்கள். குடித்தது அல்லாஹ்வுக்கும் உங்களுக்கும் இடையில் உள்ளது. கால் முறிந்து ஆறு மாதமாக வேலைக்குப் போகாமல் கிடக்கிற கொத்தனாரின் கூலி அப்படி அல்ல. ‘கோர்ட் பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்லிவிட்டு முதல் ஸஃப்பில் நின்று அழுதால் அந்தக் கடன் தீருமா? அந்நிஸா 92ஆம் வசனத்தைப் பாருங்கள். தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றவருக்கே குடும்பத்தாருக்கு நஷ்டஈடும் (அவர்கள் விட்டுக்கொடுத்தால் தவிர), அடிமை விடுதலையும், அதற்கு இயலாதவருக்கு இரண்டு மாதத் தொடர் நோன்பும் விதிக்கப்பட்டிருக்கின்றன. போதையை விலைக்கு வாங்கிக் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவர் தன் நிலையைத் தானே யோசிக்கட்டும்.

மூன்றாவதாக ஒரு பதிவு உண்டு. அதை எழுதுவது நாம்தான், நம் நாவால். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். ஹிமார் என்று பட்டப்பெயர். நபியவர்களைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர், மறுபடியும் கொண்டுவரப்பட்டார். எத்தனை முறைதான் இவர் கொண்டுவரப்படுகிறார் என்று ஒருவர் சபித்தபோது நபியவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றார்கள். புகாரியில் உள்ள செய்தி. கவனியுங்கள், தண்டனை ரத்தாகவில்லை. சாபம்தான் தடுக்கப்பட்டது. நம் மஹல்லாவில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. வழக்கிலிருந்து தப்பிக்கச் சிபாரிசுக்கு ஓடுகிறோம், பிறகு பத்து வருடம் ஆனாலும் ‘அந்தக் குடிகாரன்’ என்கிறோம்.

திருமணப் பேச்சில் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். அல்லாஹ் மறைத்த பாவத்தை ஒருவர் தானாக ஊருக்கு அறிவிக்கக் கூடாது, இது ஹதீஸில் தெளிவாக வந்திருக்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் நடக்கிற வழக்கு மறைந்த பாவம் அல்ல. நாளை மனைவியையும் பாதிக்கப்போகிற ஒன்றைப் பெண் வீட்டார் கேட்டும் மறைத்தால் அது மோசடி என்பதே என் கருத்து. நம்மிடம் விசாரித்தாலும் அப்படியே. தன்னைப் பெண் கேட்டவர்களைப் பற்றி ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) ஆலோசனை கேட்டபோது, நபியவர்கள் அவர்களிடம் இருந்த குறைகளை வெளிப்படையாகவே சொன்னார்கள். அது கீபத் ஆகாது.

ஆனால் பாதியைச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். வழக்கு இருந்தது, அபராதம் கட்டினார், அடிபட்டவரின் மருத்துவச் செலவைக் கொடுத்தார், இரண்டு வருடமாக ஃபஜ்ருக்கு வருகிறார் என்றால் அந்த நான்கையும் சொல்லுங்கள். தெரியாததைச் சேர்க்க வேண்டாம். முடிவைப் பெண்ணும் அவள் வீட்டாரும் எடுக்கட்டும்.