உப்புக்காத்து, துரு, நரம்பு: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஒரு பார்வை

மாமல்லபுரம் பக்கம் ஈ.சி.ஆர். ஓரமா வீடு கட்டினவங்களைக் கேட்டுப் பாருங்க. கேட், ஜன்னல் கம்பி எதுவும் ரொம்ப நாள் தாங்காதுன்னு சொல்வாங்க. காரணம் துரு, அதாவது ஆக்சிஜனேற்றம். இதே மாதிரியான வேதிவினை நம்ம செல்லுக்குள்ளயும் தினமும் நடக்குது. அது கட்டுப்பாட்டை மீறினா அதுக்குப் பேர் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமா எம்.எஸ். நம்ம நோய் எதிர்ப்பு மண்டலமே மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும் நரம்புகளின் மயலின் உறையைத் தாக்கும் நோய் இது. 1868-ல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ இதைத் தெளிவா விவரித்தார். பெரும்பாலும் 20 முதல் 40 வயசுக்குள்ள தொடங்கும். அதாவது நம்ம வயசு. பெண்களுக்கு அதிகம் வரும்.

மயலினை ஒயர் இன்சுலேஷன்னு பாடத்தில் படிச்சிருப்போம். ஆனா பிரச்சினை அதோட முடியல. நல்ல நரம்பில் சிக்னல் இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போகும். சோடியம் அந்த இடைவெளிகளில் மட்டும்தான் உள்ளே வரும். உறை போனதும் சோடியம் சேனல்கள் நரம்பு நெடுக பரவுது. உள்ளே வந்த சோடியத்தை வெளியேத்த பம்ப் அதிகமா ஓடணும். 3 சோடியம் அயனியை வெளியே தள்ள ஒரு ஏ.டி.பி. செலவு. லோடு ஏறிடுச்சு.

அதே நேரத்தில் சப்ளை குறையுது. அழற்சி நடக்கும் இடத்தில் மைக்ரோகிளியா செல்கள் ஃப்ரீ ராடிக்கல்களையும் நைட்ரிக் ஆக்சைடையும் வெளியிடும். இவை மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் சங்கிலியைத் தடுக்கும். தடைபட்ட சங்கிலியில இருந்து எலக்ட்ரான் கசிஞ்சு, ஆக்சிஜனோட சேர்ந்து சூப்பராக்சைடு ஆகும். அது மறுபடியும் மைட்டோகாண்ட்ரியாவையே தாக்கும். நம்ம பாஷையில் பாசிட்டிவ் ஃபீட்பேக் லூப்.

பவர் போனா பம்ப் நிக்கும், சோடியம் தேங்கும், அதைத் தொடர்ந்து கால்சியம் உள்ளே புகும். கால்சியம் தூண்டும் என்சைம்கள் நரம்பிழையையே அறுத்துடும். உறை ஓரளவு திரும்ப வளரும். மூளையில் அறுந்த இழை வளராது. நிரந்தர ஊனத்துக்கு இதுதான் முக்கியக் காரணம்.

அப்போ ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போட்டா சரியாகுமா? அவ்வளவு சுலபம் இல்லை. செல்லின் ஆற்றல் உற்பத்தியைக் கூட்டும்னு நம்பி அதிக அளவு பயோட்டின் கொடுத்துப் பார்த்தாங்க. 2020-ல் வெளியான பெரிய ஆய்வில் பலன் தெரியல. ஆனா 2013-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த டைமெத்தில் ஃபியூமரேட், செல்லின் சொந்த ஆன்டிஆக்சிடன்ட் பாதுகாப்பைத் தூண்டும்; கூடவே நோய் எதிர்ப்பு செல்களையும் அடக்கும். புது தாக்குதல்களை அது குறைக்குது.

நம்ம ஊருக்கு இன்னொரு விஷயம் முக்கியம்: வெயில். உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே உறையிழந்த நரம்பில் சிக்னல் நின்னுடும். பார்வை மங்கும், கால் தளரும். 1890-ல் ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் கவனிச்சது இது. உடம்பு குளிர்ந்தா பழைய நிலைக்கு வரும். மே மாசம் செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் ஒரு எம்.எஸ். நோயாளி தடுமாறினா, அது சோம்பேறித்தனமும் இல்லை, போதையும் இல்லை. அவங்களுக்கு நிழலும் குளிர்ந்த தண்ணியும் சொகுசு இல்லை, தேவை.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்.எஸ்.ஸும் இடம்பெற்றிருக்கு. ஒரு கண்ணில் வலியோட திடீர்னு பார்வை மங்கினாலோ, நாள்கணக்கில் கை கால் மரத்துப் போனாலோ, "தூக்கம் பத்தல"ன்னு விட்டுடாதீங்க. உடனே டாக்டரைப் பாருங்க. சீக்கிரம் சிகிச்சை தொடங்கினா அவ்வளவு நரம்பிழைகள் மிஞ்சும்.